கலனுக்குள் எங்கோ சூடு

மார்ச் 4, செவ்வாய்

மகளுக்குக் காய்ச்சல் விட்டது. பள்ளியில் விட்டுவிட்டு லேபுக்குப் போகப் பதினைந்து நிமிடம் தாமதம். தார் எண்ணெயின் சாம்பிள் காத்திருந்தது. ஹைட்ரஜனை நன்றாகவே குடித்திருக்கிறது. இதில் நிலக்கரித் தூளைப் போட்டுச் சூடாக்கினால் கரைந்துவிடும். நிலக்கரியை எண்ணெயாக்கும் ஆறு வருடப் பாடு இதற்குத்தானே. ஆனால் எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றும் கலனிலிருந்து வெளியேறும் வாயுவில் மீத்தேன் 1.4 சதவீதம். போன வாரம் 0.6. கருவியைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். அதே 1.4.

மார்ச் 6

1.9. மீத்தேன் கூடுகிறதென்றால் எண்ணெயே உடைகிறது. கலனுக்குள் எங்கோ ஓரிடம் அளவுக்கு மீறிச் சுடுகிறது. சூடு ஏறினால் வினை வேகமாகும். வேகமானால் இன்னும் சூடு. உள்ளே ஆறு வெப்பமானிகள், ஆறும் நடுக்குழாயில். ஓரத்தில் சுட்டால் யாருக்குத் தெரியும்?

மேனேஜரிடம் சொன்னேன். "ஆறு மீட்டர் சொல்றத விட்டுட்டு உங்க ஒரு மெஷினை நம்பணுமா மேடம்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 20ஆம் தேதி ஆலைக்குப் பணம் போடும் பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள். அதுவரை கலன் நிற்கக் கூடாதாம்.

மார்ச் 9

அந்தக் கலனை ஓட்டும் ஷிப்டுக்கு என் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. அவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? "வீட்டுக்கு வந்தும் கேஸ் ரிப்போர்ட்டா?" என்றார். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ரிப்போர்ட்ட யாருக்குப் படிச்சுக் காட்றது?" — கத்திவிட்டேன். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் மூவரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம்.

மார்ச் 11

2.3.

மார்ச் 13

ஷிப்டில் இடத்தை விட்டு நகராத என் வீட்டுக்காரர், இன்று லேபுக்கே வந்து கதவைச் சாத்தினார்.

"மூணாவது மேடையில, கலனைப் போத்தியிருக்கிற தகரம் ஒரு எடத்துல பழுப்பேறிக் கெடக்கு. உள்ளங்கை அளவு. மழைத்தண்ணி அங்க மட்டும் பட்டதும் காஞ்சிடுது."

தகரத்துக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பஞ்சு ஒரு சாண் இருக்கிறது. அதையும் தாண்டியா? சூட்டைக் குறைக்க எழுத்தில் கேட்டிருக்கிறார். மேனேஜரின் பதில்: இருபது வரை பொறுங்கள்.

என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். லேபில் அப்படியெல்லாம் செய்ததே இல்லை.

மார்ச் 18

காலை பத்தரை. 3.8. மேனேஜர் போனை எடுக்கவில்லை. கண்ட்ரோல் ரூமுக்கு அடித்தேன், வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

"மூணு எட்டு. நிறுத்துங்க."

"மேனேஜர்கிட்ட கேட்டியா?"

"எடுக்கல. என் பேச்சைக் கேளுங்க, நிறுத்திடுங்க."

நாற்காலியைத் தள்ளி எழும் சத்தம். பிறகு, "சரி. நீ ஜன்னல் பக்கம் நிக்காத."

மேடையிலிருந்த நாலு பேரையும் இறங்கச் சொல்வது மைக்கில் கேட்டது. பிறகு கலனின் அழுத்தத்தை வெளியே திறந்துவிட்டார். வெளியேறும் வாயுவை எரிக்கும் கோபுரம் அலறியது; கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. எனக்கும் கலனுக்கும் நடுவே இருநூறு அடி. அவருக்கும் அதற்கும் முப்பது. இருபது நிமிடம் — அவர் அங்கே, நான் மேஜைக்கு அடியில். அப்புறம் ஒரு அமைதி. அந்த அலறலைவிட அதுதான் பயமாக இருந்தது. போன் அடித்தது. "முடிஞ்சுது. தண்ணி குடி."

மார்ச் 19

அனுமதி இல்லாமல் நிறுத்தினாராம். அவருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். வாசலில் ஃபிட்டர் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "எல்லார் சோத்துலயும் மண்ணப் போட்டுட்டாரு."

ஏப்ரல் 2

கலனைத் திறந்தார்கள். மிளகு போல உதிர வேண்டிய வினையூக்கி மணிகள் ஓரத்தில் ஒரே பாறையாக இறுகிக் கிடக்கின்றன. அதற்கு நேர் வெளியே எஃகுச் சுவர் வீங்கியிருக்கிறது. இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருக்காது என்றார் வெல்டர். எண்ணிப் பார்த்தேன். விருந்தினர்கள் அந்த மேடையில் நிற்கவிருந்த நாள்.

அந்த ஃபிட்டர் வீட்டுக்கு வந்தார். இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 16

விசாரணை முடிந்தது. "யார் உத்தரவுல திறந்தீங்க?" என்று கேட்டார்களாம். "என் பொண்டாட்டி சொன்னா." யாரோ சிரித்தார்களாம். இவர் சிரிக்கவில்லை. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அறிக்கையில் என் எண்கள் ஒன்றுகூட இல்லை. காரணம் 'கருவிக் கோளாறு' என்று ஒரே வரி.

ஏப்ரல் 30

மேனேஜர் பதவி உயர்ந்து புது ஆலைக்குப் போய்விட்டார். அங்கே கலன் இதைப்போல மூன்று மடங்காம். அங்கே லேபில் இருக்கும் பெண்ணின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சார் ரொம்ப அனுபவஸ்தர், அக்கா," என்றாள். "அவர் பாத்துக்குவாரு."