கடைசிப் பெட்டி வரைந்த படங்கள்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். உங்கள் அக்கா வீட்டில் இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இதை முதலில் எழுதிவிடு, இல்லாவிட்டால் தம்பி பாதிக் கடிதத்திலேயே பதறிப்போவான் என்று அக்காதான் சொன்னார்.

பத்து நாளாக நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று கவலைப்பட்டிருப்பீர்கள். பழுது என்று அக்கா உங்களுக்குச் செய்தி அனுப்பியது பொய். போன் காவல் நிலையத்தில் இருக்கிறது. அக்கா போனில் பேசியிருக்கலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், நடுக்கடலில் இருக்கும் மனிதரிடம் அழுது என்ன பயன் என்றுதான் எழுதுகிறேன். கப்பல் கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் கிடைத்துவிடும் என்றார்கள்.

நாம் சேர்ந்து பார்த்த அந்த ரயில் தொடரைப் பற்றித்தான் ஆரம்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் டிக்கெட் பரிசோதகியை ஆற்றுப் பாலத்தில் சாகடித்துவிட்டார்கள் என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். “பிடிக்கலைன்னா நீயே வேற முடிவு எழுது” என்று நீங்கள்தான் கிண்டல் செய்தீர்கள். அப்படித் தொடங்கியதுதான் என் படக்கதை. அவள் பிழைத்து வந்தாள். வாரம் ஒரு பக்கம், ‘கரிச்சான்’ என்ற பெயரில் இணையத்தில் போட்டேன். நீங்கள் போன பிறகு வாசகர்கள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்குக்கு ஃபிரேம் வளைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவர்கள் எழுதியதைப் படிப்பதுதான் எனக்கு ஓய்வு.

அவர்களில் ஒருவர் ‘கடைசிப் பெட்டி’. ஒரு பக்கம் விடாமல் பாராட்டுவார். முப்பதாம் பக்கத்தில் விசில் இடது கையில் இருந்தது, இப்போது வலது கையில் இருக்கிறதே என்று கேட்கிற அளவுக்கு ஊன்றிப் படிப்பவர். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பரிசோதகி ரயிலை விட்டு இறங்கி ஒரு ஊரில் குடியேறப் போகிறாள் என்று போன மாதம் வரைந்தேன். அன்றிலிருந்து அவர் எழுத்து மாறிவிட்டது. “அவ இறங்கக் கூடாது. இறங்கினா அவளுக்கு நல்லதில்ல” என்று எழுதினார். நான் சிரிப்புப் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன். மறுவாரம் எனக்கு மட்டும் தனியாக ஒரு படம் அனுப்பினார். பரிசோதகி ஒரு பால்கனியில் நிற்கிறாள். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் சுத்தமான கோடுகள். அழகாக இருக்கிறதே என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பியில் ஒரு நீல வாளி, அதில் செடி. வாளியின் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய கயிறு. அந்தக் கயிற்றை நான்தான் கட்டினேன். அது நம் பால்கனி.

உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தக்கூடப் பயம். சாத்தினால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடுமே.

இரண்டாவது படத்தில் பரிசோதகி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். தோளில் என் பை. அன்றைக்கு நான் போட்டிருந்த செருப்புகூட அதேதான். அதற்குப் பிறகு கடையில் கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிற ஒவ்வொரு ஆணின் முகத்துக்கும் கிட்டே போகும்போது, இவர்தானோ என்று பார்த்தேன். ஒருவர் காதில் கீறிவிட்டேன். முதலாளி ஒரு வாரம் லீவு போட்டுக்கொள்ளச் சொன்னார். வீட்டில் இருப்பதைவிடக் கடையே மேல் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

‘பிழைபிடி’ என்று ஒரு தோழி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேனே, எங்கள் வாசகர் கூட்டத்தில் மூத்தவள். தொலைவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போன காட்சியில் நிரம்பியிருந்த தம்ளர் இந்தக் காட்சியில் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நேரில் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவளுக்குத்தான் முதலில் படங்களை அனுப்பினேன். வேலை முடிந்ததும் கூப்பிட்டாள். “கரிச்சான், வாளிக்குள்ள மண்ணு தெரியுது பாத்தியா? உன் பால்கனியை மேலேர்ந்து பாக்கற ஆள் இவன். தெருவில நின்னு பாத்திருந்தா வாளியோட அடிப்பக்கம்தான் தெரியும். எதிர்ல உன்னைவிட உயரமா எந்த ஜன்னல் இருக்கு?” என்றாள்.

நாம் இருப்பது இரண்டாவது மாடி. எதிர்க் கட்டடம் மூன்றாவது மாடியோடு முடிகிறது. அங்கே ஒரு வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று கணக்கு வாத்தியாருடையது.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு கேரம் ஆடுகிறவர். ‘கரிச்சான்’ நான்தான் என்று நீங்களே அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். வழியில் பார்த்தால், “சார் எப்ப வர்றாரு?” என்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவர். அவர் போட்டிருக்கும் கண்ணாடிகூட நான் அளவெடுத்துக் கொடுத்ததுதான். பாவம், நல்ல மனிதரைச் சந்தேகப்படுகிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது படம் வந்த அன்று திட்டுவதை நிறுத்தினேன். அதில் பரிசோதகி நம் படுக்கையறையில் படுத்திருக்கிறாள். அலமாரிக் கதவு திறந்திருக்கிறது. கதவின் உள்பக்கம் அந்தத் தொடரின் போஸ்டர். கல்யாணமான பொம்பளை போஸ்டர் ஒட்டுவாளா என்று நீங்கள் சிரித்ததால் நான் உள்ளே ஒட்டிவைத்தது. கிழிந்த மூலையில் நான் ஒட்டிய மருந்துப் பிளாஸ்திரி வரைக்கும் வரைந்திருந்தார். அதை எந்த ஜன்னலிலிருந்தும் பார்க்க முடியாது. வீட்டுக்குள் வந்து, அலமாரியைத் திறந்தால்தான் தெரியும்.

குழாய் கசிந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் அவரிடம் ஒரு மாற்றுச் சாவி கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதை நான் ஞாபகப்படுத்துவது குறை சொல்ல அல்ல. அவரிடம் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அக்கா டிப்போவிலிருந்து கண்டக்டர் சீருடையோடு நேராக வந்தார், இருவரும் காவல் நிலையம் போனோம். இன்ஸ்பெக்டர் அம்மா முதல் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, “ரசிகர்னா படம் வரையத்தானே செய்வாரு, நீங்களும் அதைத்தானேம்மா செய்றீங்க?” என்று சிரித்தார். சில்லறை தராமல் இறங்கப் பார்க்கிறவனை முறைப்பதுபோல் அக்கா அவரை முறைத்தார். “மூணாவதையும் பாத்துட்டுச் சிரிங்க” என்றார். பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை; சாட்சிக்கு என்று என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றே வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். அவர் எதையும் மறுக்கவில்லையாம். “நான் ஒரு பொருளைத் தொடலை. அந்தம்மா கதையைத் தப்பாக் கொண்டுபோறாங்க. சொல்லிப் பாத்தேன், கேக்கலை” என்றாராம், பரீட்சைத் தாள் திருத்துகிற குரலில். நான் கடைக்குப் போகிற நேரத்தில் வந்து, நான் வரைகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். எத்தனை தடவை என்று கேட்டதற்கு எண்ணவில்லை என்றாராம். கணக்கு வாத்தியார்.

நம் சாவி அவர் மேசையில் இருந்தது. அதே சாவிக்கு ஒரு நகலும் இருந்தது. வேறு நகல் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வழக்குப் பதிவாகி, மறுநாள் ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டார். நம் எதிர் வீட்டுக்கு.

அவர் மனைவி கடைக்கு வந்தார். எனக்கு எதிரில் உட்கார்ந்து, கண் பரிசோதிக்க வந்தவர்போல் முகவாயைத் தூக்கி வைத்துக்கொண்டார். “புகாரை வாபஸ் வாங்கும்மா, ரிட்டயர் ஆன மனுஷன், பொழுதுபோக்கு அது ஒண்ணுதான்” என்றார். கிளம்பும்போது, யார் காதிலும் விழாமல், “பூட்டை மாத்திட்டியா?” என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். “நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அக்காவோடு ஒரு தடவை வீட்டுக்குப் போய்வந்தேன். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, தலையணை எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். துணிகளை இங்கே கொண்டுவந்து இரண்டு முறை துவைத்துவிட்டேன். இன்னும் போடத் தோன்றவில்லை. அக்காவின் சட்டைகளைத்தான் போட்டுக்கொள்கிறேன், இரண்டு பேர் நுழையலாம்.

படக்கதையில் ‘வண்டி தாமதம்’ என்று மட்டும் அறிவித்திருக்கிறேன். காத்திருக்கிறோம், அவசரமில்லை என்று நிறையப் பேர் எழுதியிருப்பதாகப் பிழைபிடி தினமும் அக்கா போனில் கூப்பிட்டுச் சொல்கிறாள். எல்லாரும் அன்பாகத்தான் எழுதுகிறார்கள். அவரும் அப்படித்தான் எழுதினார். நேற்று ஒரு பில்லின் பின்பக்கம் பரிசோதகியை வரைந்து பார்த்தேன். ஜன்னலைச் சாத்தித் திரை போட்டுவிட்டு, வெளியிலிருந்து யாருக்கும் முகம் தெரியாதபடி உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் திரும்பிப் பார்க்க வைக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் அவள் ரயிலைவிட்டு இறங்கத்தான் போகிறாள். அதை மட்டும் மாற்ற மாட்டேன்.

நீங்கள் அவருக்குப் போன் செய்து சண்டை போட வேண்டாம். ஒன்றும் கேட்கவே வேண்டாம். கம்பெனியில் சொல்லிச் சீக்கிரம் இறங்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். வரும் தேதியை யாருக்கும் சொல்லாதீர்கள். நேராக அக்கா வீட்டுக்கு வாருங்கள். கதவைத் தட்டினால் திறக்க மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாம் இருவர் மட்டும் இருக்கும்போது என்னைக் கூப்பிடுவீர்களே ஒரு பெயர், அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இந்தக் கடிதம் எத்தனை கை மாறி வருமோ, அதனால் அதை இங்கே எழுதவில்லை.

நீங்கள் இருக்கும் கடல் அமைதியாக இருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி