பட்டியலில் முதல் காரணம்

ஜனவரி 19, திங்கள்

பனி. சிறுமலை இருக்கும் இடமே தெரியவில்லை. பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். காலேஜ் சேலை சுருங்கிக் கிடந்தது, அவசரமாக இஸ்திரி. அதில் மகள் யாழினிக்கு ஒரு சடைதான் பின்ன முடிந்தது. மற்றதை அவளே பின்னிக்கொண்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல கை. கொஞ்சம் கோணல்.

சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரை பஸ்ஸில் நின்றபடியே.

முதல் வகுப்பு சைக்காலஜி. பி.எட். சேர்ந்ததிலிருந்து எனக்குப் பிடித்த பாடம் இது ஒன்றுதான். பிள்ளை ஏன் மறக்கிறது, எதற்குப் பொய் சொல்கிறது என்றெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு சந்தோஷம். இன்று தலைப்பு: பிரச்சினைக் குழந்தைகள். சார் போர்டில் காரணங்களை எழுதினார். ஒன்று, உடைந்த குடும்பம். இரண்டு, வறுமை. மூன்று, தீய நட்பு. மற்றது கண்ணில் ஏறவில்லை.

"மொத பாயிண்ட்ட அடிக்கோடு போட்டுக்கங்க. அம்மா மட்டும் வளக்குற பிள்ளைய கிளாஸ்ல பாத்தவொடனே கண்டுபிடிச்சிரலாம்" என்றார்.

எல்லாரும் ஸ்கேல் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

யாழினி அப்பாவை விட்டு வந்து மூன்று வருஷம். விவாகரத்தும் ஆகிவிட்டது. காலேஜில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார் என்று அம்மா எங்கள் தெருவில் சொல்லிவைத்திருக்கிறாள். அதே தெருக் கோகிலா என்னோடு படிக்கிறாள். அவள் வழியாக துபாய் வகுப்புக்கும் வந்துவிட்டது. நான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

கடைசியில் செமினார் தலைப்புக்குச் சீட்டு எடுத்தோம். எனக்கு ஞாபகமும் மறதியும். பக்கத்தில் பர்வீன். அவளுக்குப் பிரச்சினைக் குழந்தைகள். மத்தியானம் சோறு தின்னும்போது மாற்றித் தரச்சொல்லிக் கேட்டேன்.

"ஏண்டி, ஒனக்கு வந்தது ஈசி. இது அம்புட்டுப் பெருசு."

"பரவால்ல, குடு."

"அப்பறம் வாபஸ் கேக்கப்படாது."

கேட்க மாட்டேன்.

ஜனவரி 21, புதன்

பனி குறைவு. தேங்காய் விலை ஏறிவிட்டது, சட்னிக்குப் பொரிகடலை அதிகம்.

லைப்ரரியில் மூன்று கைடு பார்த்தேன். மூன்றிலும் அதே வரி, அதே வரிசை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல.

சாயங்காலம் யாழினி பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பிள்ளையை ஸ்கேலால் அடித்துவிட்டாளாம். கையில் சிவந்த தடம். அந்தப் பிள்ளையின் அம்மா நல்லவேளையாகச் சண்டைக்கு வரவில்லை. டீச்சர்தான் என்னை மேலும் கீழும் பார்த்து, "அவங்க அப்பா வந்து கண்டிச்சா சரியாயிரும்" என்றார்.

"நான் கண்டிக்கிறேன் டீச்சர்."

"அதுக்கில்லம்மா. ஆம்பளக் கொரல் வேணும்ல வீட்ல."

வீட்டுக்கு நடந்து வரும்போது அதே நினைப்பு. போர்டில் எழுதியது சரிதானோ? என் பிள்ளையைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்களோ? அப்படி நினைத்ததற்காக என்மேலேயே கோபம்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் கேட்டேன்.

"ஏன் அடிச்ச?"

"எங்கப்பா ஓடிப்போயிட்டாருன்னு சொன்னா."

"அதுக்கு அடிப்பியா?"

"அவ சொன்னது தப்பும்மா. அவரு எங்க ஓடுனாரு? நாமதான கெளம்பி வந்தோம்."

இவள் கோபம் அப்பா இல்லை என்பதற்கு இல்லை. நடந்ததை மாற்றிச் சொன்னதற்கு. அடித்தது தப்பு, நாளைக்கு மன்னிப்புக் கேட்கணும் என்றேன். சரி என்றாள். "ஆனா ஓடலன்னு சொல்லிட்டுத்தான் கேப்பேன்" என்றாள்.

கேட்கட்டும்.

ஜனவரி 23, வெள்ளி

வெயில் நன்றாக அடித்தது. செமினார்.

எழுதிக்கொண்டு போனதைப் படிக்கவில்லை. முதலில் புத்தகத்தில் உள்ள எல்லாக் காரணங்களையும் ஒழுங்காகச் சொன்னேன். சார் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னேன். "இதுல மொத காரணத்துல நான் இருக்கேன். எங்க வீட்டுக்காரர் துபாய்ல இல்ல. விவாகரத்து ஆயிருச்சு. என் மகள நான் மட்டுந்தான் வளக்குறேன்."

கோகிலா என்னைப் பார்க்கவில்லை, டெஸ்க்கைப் பார்த்தாள்.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

அவரோடு இருந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டதும் யாழினி கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நான்கு வயசு. அப்போது ரேஷன் கார்டில் மூன்று பேரும் இருந்தோம், முழுக் குடும்பம். இன்றைக்கு அவள் நடு வீட்டில் கைகாலை விரித்துத் தூங்குகிறாள். இதில் எது உடைந்த குடும்பம்? இதையெல்லாம் சொல்லி வகுப்பைத்தான் கேட்டேன். யாழினி ஒரு பிள்ளையை அடித்ததையும் சொன்னேன். மறைத்தால் நானும் அந்தக் கைடு மாதிரி ஆகிவிடுவேன். ஏன் அடித்தாள் என்றும் சொன்னேன். "அப்பா இல்லாததுனால அடிச்சான்னு எழுதிட்டா வேல முடிஞ்சது. அவகிட்ட ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நானே செத்த நேரம் கேக்காமத்தான் இருந்தேன்."

சார் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். சிரித்தமாதிரி, "சொந்தக் கதைய செமினார்ல கொண்டு வரப்படாதும்மா. டீச்சர்னா நடுநிலையா இருக்கணும்" என்றார்.

"பாத்தவொடனே கண்டுபிடிச்சிரலாம்னு சொல்றது நடுநிலையா சார்?"

கேட்டே விட்டேன். பின் பெஞ்சில் யாரோ "ஆத்தீ" என்றார்கள்.

"திங்கக்கெழம ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க" என்றார்.

பர்வீன் வெளியே வந்ததும் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து கொடுத்தாள்.

ஜனவரி 24, சனி

துணி ஊறவைத்தது. யாழினி ஷூ. கேஸ் புக் பண்ணணும்.

எதிர்பார்த்ததுதான். கோகிலா வீட்டிலிருந்து செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. அம்மா காலையிலேயே ஆரம்பித்தாள்.

"ஏண்டி மகேசு, துபாய்ல இருக்காருன்னு இருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

"பொய்ம்மா."

"எனக்குத் தெரியாதா பொய்யின்னு? ஒன் பிள்ளைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிறக் கூடாதேன்னுதான சொன்னேன்."

"சொல்லிட்டாங்களே. என்ன ஆச்சு? வானம் இடிஞ்சா விழுந்துச்சு?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. அப்போது அவரிடம் என்னைத் திரும்ப அனுப்ப மாட்டேன் என்று ஆட்டோவில் வந்து கூட்டிப்போனதும் இதே அம்மாதான். அந்த தைரியம் தெருவுக்கு முன்னால் ஏன் இல்லை?

மத்தியானம் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். கடையில் கோகிலா அம்மா. "மாப்பிள்ளையோட போன்ல சண்டையாம்ல? ஒங்கம்மா சொன்னாக. கோவத்துல ஒளறிட்டியாம்ல?" என்றார்.

அதற்குள் அம்மா புதுக் கதை கட்டிவிட்டாள்!

"சண்ட இல்லக்கா. விவாகரத்து. கோர்ட்ல முடிஞ்சுபோச்சு" என்றேன். கடையில் நாலு பேர். அத்தனை பேரும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

கத்தரிக்காய் சொத்தை. மாற்றி வாங்கினேன்.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்று குடியரசு தின லீவு. அதனால் இன்றுதான் ஸ்டாஃப் ரூம்.

சார் நாற்காலி போடச் சொன்னார். டீ வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். புத்தகத்தில் உள்ளபடி திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, வகுப்பில் ஒரு வார்த்தை ஸாரி சொல்லிவிட்டால் போதும், இன்டர்னல் மார்க் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என் நல்லதுக்குத்தான் சொல்கிறாராம். மனுஷன் உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

"எதுக்கு சார் ஸாரி?"

"மொறை இல்லாம பேசுனீங்கள்ல."

"நான் கொரல் ஒசத்தலையே சார். நீங்க சொன்ன கருத்தத்தான் கேட்டேன்."

"மகேஸ்வரி, பரிச்சைல இந்தக் கேள்வி வந்தா என்ன எழுதுவீங்க?"

"பிள்ளை வீட்ல பயந்து வாழ்றதுதான் மொத காரணம்னு எழுதுவேன். அப்பா அம்மா சேந்திருந்தாலும் சரி, பிரிஞ்சிருந்தாலும் சரி."

"மார்க் போகும்."

"போகட்டும் சார்."

பேனாவை மூடி வைத்தார். "நீங்க போலாம்."

வெளியே வராந்தாவில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அழுகைக்காக மன்னிப்புக் கேட்டு உள்ளே திரும்பிப் போகவில்லை. முகம் கழுவிவிட்டுத் தமிழ் கற்பித்தல் வகுப்புக்குப் போனேன்.

ஜனவரி 30, வெள்ளி

மார்க் ஒட்டிவிட்டார்கள். சைக்காலஜி செமினாரில் எனக்குத்தான் கடைசி. பாஸ், அவ்வளவுதான். கோகிலா எனக்கு மேலே இருக்கிறாள். அவள் செமினாரில் ஒரு வாய் தண்ணீருக்கும் நிமிரவில்லை, கைடில் இருந்ததை அப்படியே வாசித்தாள்.

"போயி ஸாரி சொல்லிருக்கலாம்ல" என்றாள் பர்வீன். பிறகு அவளே, "வேணாம், விடு. நீ சொல்லிருந்தா எனக்குத்தான் ஒரு மாதிரியா இருந்திருக்கும்" என்றாள்.

மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர். இனிஷியல் என் அப்பாவுடையது, யாழினி அப்பாவுடையது இல்லை.

சைக்காலஜி இப்போதும் பிடித்த பாடம்தான். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. இனி பனி இல்லை.

பள்ளிப் பயிற்சி தொடங்கியது. சாணார்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. இரண்டு பஸ் மாறணும். யாழினியை முன்னாலேயே எழுப்பிக் கிளப்பினேன், முனகிக்கொண்டே வந்தாள். சேலை மடிப்பில் தூசி.

ஆறாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். வகுப்பாசிரியை நல்ல மாதிரி, சிரித்த முகம். வாசலில் நிறுத்தி வைத்துக் குரலைத் தாழ்த்தி, "ஜன்னலோரம் ரெட்ட சட போட்டவ இருக்கால்ல, அவளுக்கு அம்மா மட்டுந்தான். அந்தப் பக்கம் கடைசி பெஞ்சுல ஒருத்தன், அவங்க அப்பா குடி. ரெண்டையும் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கங்க" என்று ஆரம்பித்தார்.

"பேரு மட்டும் சொல்லுங்க டீச்சர், போதும்."

"இல்ல, தெரிஞ்சிருந்தா நல்லதுன்னு..."

"எனக்குத் தெரியணும்னா அதுக கிட்டயே கேட்டுக்கிறேன்."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். புதுசா வந்தவளுக்கு இம்புட்டு வாயா என்கிற பார்வை. இருக்கட்டும். உள்ளே ஒரே கூச்சல், யாரோ யாருடைய டப்பாவையோ தட்டிவிட்டார்கள், தரையெல்லாம் பென்சில். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.