கப்பல் கதையில் என் நாய்

1986 மார்ச், திங்கள் இரவு. திண்டிவனம்.

நாளை அக்கா மகள் வசந்தாவுக்குப் பிளஸ் டூ இங்கிலீஷ் பரீட்சை. பாஸானால் விழுப்புரத்தில் காலேஜ், பெயிலானால் கல்யாணம் என்று மச்சான் சொல்லிவிட்டார். பாடத்தில் இருக்கும் கப்பல் கதை அவள் மண்டையில் ஏறவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் நோட்ஸில் இருந்த தமிழ் அர்த்தத்தை வைத்து நேற்று ராத்திரி நான் சொன்ன விதத்தில், கப்பல் எங்கள் கூடத்துக்குள்ளேயே வந்து நின்றது. ருசிக்காக மாலுமிக்கு ஒரு நாயையும் கொடுத்தேன்.

இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கத்தினாள்.

“இன்னா மாமா, புக்குல நாயே கெடையாது! எழுதிக் காட்டினா டீச்சர் சிரிக்கிறாங்க.”

“எழுதினவரு மறந்திருப்பாரு. நாளைக்கு நாயை வுட்டுட்டு எழுது.”

“நாயை வுட்டா கதையே ஞாபகம் வரல மாமா. அது பின்னாலயே போய்க்கினுதான் எழுதறேன்.”

இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன பெருமை வேண்டும்? நாய் மனசிலேயே ஓடட்டும், தாளில் மட்டும் ஏறக்கூடாது என்று ஏற்பாடு செய்தோம். சாப்பிட்டதும் முழுக்கதையையும் எழுதிக் காட்டினாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகளை வைத்து, விரல் ஓட்டி நாயைத் தேடினேன். எங்கும் இல்லை. பாஸ்தான்.

கதைதான் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.