எது உனக்குப் பிடித்த பாட்டு, அக்கா?

என் ராசாத்தி அக்காவுக்கு,

இன்றும் அதே மலையில்தான் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். குளவிக்கூடு இன்னும் அந்த மரத்திலேயே தொங்குகிறது. அகற்றுவதாகச் சொன்ன தோட்டத்து நிர்வாகத்தார் அடிமரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனதோடு சரி.

பக்கத்துப் பக்கத்துச் செடி நிரையில் நின்றுகொண்டு எத்தனை வருடம் சண்டை போட்டிருப்போம்? உனக்கு அந்தப் பழைய இசையமைப்பாளர், எனக்குப் புதியவர். "வெளிநாட்டுக்காரன் எல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுறான், அவருதான் பெரிய ஆளு" என்பேன். நீ சிரிப்பாய். "கைதட்டு கெடக்கட்டும்டி. மனசு ஒடஞ்சு கெடக்கிறப்ப யாரு பாட்டைப் போடுற? அதைச் சொல்லு." உன் போனில் அந்தப் பழையவர் பாட்டு ஆரம்பித்தாலே பிடுங்கி மாற்றிவிடுவேன்.

கடைசிச் சண்டையில் எல்லை மீறிவிட்டேன். "ஒன் ஆளும் பழசு, நீயும் பழசு" என்றேன். நீ போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டாய். மறுநாள் உன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, தள்ளி மேல் நிரைக்குப் போனேன். அன்றைக்குத்தான் குளவி கலைந்தது. உன் அலறல் கேட்டு ஓடிவருவதற்குள் செடிகளுக்கு நடுவே விழுந்துகிடந்தாய். உன் போனும் கல்லில் அடிபட்டு நொறுங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்றிருந்தால் ஒரு சாக்கையாவது உன்மேல் போர்த்தியிருப்பேனே? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறி கொட்டகலையைத் தாண்டும்போதே உன் கை குளிர்ந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்ட வந்தவர் கேட்டார்: "ஒங்க அக்காவுக்குப் புடிச்ச பாட்டு எதுங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டையாவது முழுதாக ஓடவிட்டேனா? வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன். அது ஒலித்ததும் உன் மகள் மாலினி என் கையைப் பிடித்தாள்.

"சித்தி, இது அம்மாவுக்குப் புடிக்காதே."

"எதும்மா புடிக்கும்?"

"தெரியல சித்தி. எல்லாத்தையும் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்."

மாலினி படிப்பை விட்டுவிட்டாள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். நான் தடுக்கவில்லை. தடுத்து என்னத்தைக் கொடுத்துவிடப் போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் ஆளின் பாட்டுகளைக் கேட்கிறேன். உன்னிடம் பொய் எதற்கு? இப்போதும் என் ஆள்தான் பெரியவர் என்று தோன்றுகிறது. மறுத்துப் பேசத்தான் ஆள் இல்லை.

உன் முதல் வருஷத் திதிக்கு நம் லயத்து வீட்டு வாசலில் ஸ்பீக்கர் கட்டுவேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை உன் ஆள் பாட்டு மட்டும்தான். ஒன்றையும் பாதியில் நிறுத்தமாட்டேன், சத்தியம். அதில் ஏதோ ஒன்று உன்னுடையதாக இருக்கும். எது என்று எனக்குத் தெரியாமலே அதுவும் முடிந்துபோகும்.

உன்னை விட்டுத் தள்ளி நின்ற தங்கச்சி,
லெச்சுமி