அம்மா சொல்லாத பெயர்

தென்காசி
18-7-1961

அன்புள்ள மகன் பேச்சிமுத்துவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கல்கத்தாவில் நீ எப்படி இருக்கிறாய் என்பது நீ எழுதினால்தானே தெரியும், இரண்டு மாதமாக ஒரு கார்டுகூட இல்லை.

பதறாமல் படி. ஒன்பதாம் தேதி ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது உன் அம்மா பாசியில் வழுக்கி, பாறையில் பின்மண்டை அடிபட்டு நினைவு தப்பிவிட்டாள். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். உயிருக்குப் பயமில்லை, நினைவு பழையபடி வருமா என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். போன லீவில் நீ, ‘நான்’ என்கிற நினைப்பு மனிதனுக்கு ஒரே நாளில் வந்ததல்ல, புழு பூச்சியிலிருந்து படிப்படியாக வளர்ந்தது என்றாய். ஆண்டவன் முழுசாகக் கொடுத்தது என்றேன் நான். எட்டாம் வகுப்புப் படிப்புக்கு இது விளங்காது என்று அச்சன்புதூர் மாமா முன்னால் சிரித்தாய். நாற்பது வருடம் தானாகவே படித்தவன் நான், அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. ஆனாலும் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் வலிக்கு முனகினாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினாள். பிறகு தண்ணீருக்கு வாய் திறந்தாள். ஐந்தாம் நாள் ஊசியோடு வந்த நர்ஸைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள். அதுவரைக்கும் தான் யார் என்பது அவளுக்கே தெரிந்ததா, எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாள் பேச்சு வந்தது. கஞ்சி கேட்டாள், உன் பெயரைச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை, என் பெயரைச் சொல்லு என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள், சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்டேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவனை மறந்துவிட்டாளே என்று, பெண்கள் வார்டு என்றும் பாராமல் அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் மருமகளுக்குத் துணையிருந்த ராபியா என்ற அம்மாள், “அண்ணாச்சி, நீங்க படிச்ச மனுசன்தானா? புருசன் பேரைப் பொம்பளை எப்படிச் சொல்லுவா?” என்று சிரித்தாள். உடனே உன் அம்மா இந்தப் பக்கம் திரும்பி, “நல்லாக் கேளுங்க. மண்டையில அடிபட்டது எனக்கா, அவுகளுக்கா?” என்றாள். வார்டே சிரித்தது. சிரிக்கட்டும், என் கேள்வியில் தவறில்லை, கேட்டதால்தானே தெரிந்தது. ஆகவே நீ சொன்னது பாதி சரி, பாதிதான். படிப்படியாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரைக் கிளிகூடச் சொல்லும். தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்று நிற்பதற்கு உள்ளே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எந்தப் படியில் வந்து ஏறினார் என்று உன் புத்தகங்களில் இருந்தால் எழுது.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லியும், சாயங்காலமே அடுப்பு மூட்டப் போய் என்னிடம் திட்டு வாங்கினாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. முக்கியமானது ஒன்று. “பிள்ளை பயந்துருவான், எனக்குச் சளின்னு மட்டும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அப்படியே எழுதியதாகச் சொல்லியிருக்கிறேன். உன் பதிலை நான்தான் அவளுக்கு வாசிக்க வேண்டும், ஒரு வரி விட்டு வாசித்தாலும் இப்போது கண்டுபிடித்துவிடுவாள். அதனால் சளியை மட்டும் விசாரி.

இப்படிக்கு,
உன் அப்பா
நாறும்பூநாதன்