வலது பக்கம் போன வரைபடம்

மச்சான்,

நீ இணையத்தில் ஏற்றி வைத்துவிட்டுப் போன அந்தப் பழைய கார் பந்தய விளையாட்டின் கீழே நேற்று யாரோ ஒருவன் கேள்வி எழுதியிருக்கிறான். எந்த நாட்டுக்காரனோ தெரியவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் திரையின் இடது மூலையில் இருந்த பாதை வரைபடத்தை ஏன் வலது மூலைக்கு மாற்றினீர்கள் என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன். உன் விஷயத்தில் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவனுக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன்.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரிந்ததுதான். காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் நெல் வாங்கும் வேலை. மூட்டையின் வாயில் தெரிகிற நெல்லை நான் என்றைக்கும் நம்பியதில்லை. குத்தூசியை அடிவரை செருகி, வந்த நெல்லை முகர்ந்து, கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து, கீழவீதியில் நீ கம்ப்யூட்டர் பழுதுபார்த்த கடையின் மாடியறையில் உட்காரும்போதும் என் புத்தி மில்லிலேயேதான் இருந்தது.

2004இல் கல்லூரியில் சேர்ந்த புதிதில் நாம் ஆடிய விளையாட்டு அது. திரை மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்க, ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம். படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து, மின்வெட்டு போக மிஞ்சிய நேரத்தில் நீ அதைக் குடைய ஆரம்பித்தாய். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. மங்கலான எழுத்தைத் தெளிவாக்கினாய். பாலத்தில் கார் தானாகவே கவிழ்கிற கோளாறைச் சரிசெய்தாய். செய்ததை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தாய்.

"இதுல உனக்கு இன்னாடா லாபம்?" என்றேன்.

"பழைய கேமு மச்சான். கொஞ்சம் தூசி தட்டுறேன், அவ்ளோதான்."

லாபமில்லாமல் ஒருவன் உட்கார்ந்து தூசி தட்டுவான் என்பதை ரைஸ்மில்காரன் எப்படி நம்புவான்? அதிலும் பழைய விளையாட்டுகளை இப்படித் திருத்துகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. மாற்றியது ஆடுகிறவனுக்குத் தெரியவே கூடாது. எப்போதும் இப்படித்தானே இருந்தது என்று அவன் நினைக்க வேண்டும். "கை வெச்ச மாதிரியே தெரியக்கூடாது" என்று பெருமையாகச் சொல்வாய். திருடனும் இதைத்தானே சொல்வான் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிறு வந்தபோது சுரங்கப்பாதை வெளிச்சமாகியிருந்தது. அந்த இருட்டில்தான் நான் உன்னை முந்துவது வழக்கம். இன்னொரு முறை, பின்னால் நெருங்கும் காரின் ஹாரன் சத்தம் கூடியிருந்தது. அப்புறம் ஒருநாள் பாதையைக் காட்டும் வரைபடமும் வேகம் காட்டும் முள்ளும் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போய்விட்டிருந்தன.

"இத எதுக்குடா மாத்தின?"

"அங்க இருந்தா சரியா தெரியல. இங்கதான் நல்லாருக்கு."

"எனக்கு அங்கயே தெரிஞ்சுதே."

"உனக்குக் கண்ணு ஜாஸ்தி மச்சான்" என்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் பாதியில் ஆடுகிற உனக்குச் சாதகமாக எதையோ உள்ளே செருகிவிட்டாய் என்று முடிவு கட்டி, "எழுந்திரு, மாத்தி உக்காரலாம்" என்றேன். மறுபேச்சில்லாமல் மாறி உட்கார்ந்தாய். அப்போதும் தோற்றாய். திருத்தத் திருத்த நீ தோற்றுக்கொண்டேதான் போனாய்; வளைவுக்கு வளைவு இடது சுவரில் போய் மோதினாய். ஏமாற்றுகிறவன் தோற்பானா என்று கொஞ்சம் குழம்பினேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே தோற்கிறான் என்று அதற்கும் ஒரு காரணத்தை என் மண்டை கண்டுபிடித்தது.

உன் இடது பக்கம் இருந்த டீ கிளாஸைத் தட்டிக் கீபோர்டில் கொட்டினாய். ஆட்டத்தை நிறுத்தத்தான் கொட்டினாய் என்று நினைத்தேன். கடலூர் சில்வர் பீச்சுக்குக் கிளம்பியபோது உன் பைக்கை என்னிடம் கொடுத்து, "நீயே ஓட்டு, எனக்கு அலுப்பா இருக்கு" என்றாய். வண்டியில் ஏதோ கோளாறை மறைக்கிறாய் என்று வழியெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். உன்னைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். உன் உடம்பைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

கடலூரில் உன் அக்கா வீட்டுப் படியில் தடுக்கி விழுந்தாய். ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் வலது பக்கம் கட்டி. புதுச்சேரியில் டாக்டர் அக்காவையும் என்னையும் தனியாக அழைத்துச் சொன்னார். "இடது பக்கப் பார்வை போயி ரொம்ப நாளாயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா போறதால அவருக்கே தெரியாமகூட இருந்திருக்கலாம். முன்னாடியே வந்திருந்தா வழி இருந்துச்சு." அக்கா அழுதார். எனக்கு வெளிச்சமான சுரங்கப்பாதையும் உரத்த ஹாரனும் இடம் மாறிய வரைபடமும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அங்கே இருந்தால் தெரியவில்லை என்று நீ வாய்விட்டே சொல்லியிருக்கிறாய். ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் உன் வலது பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்பருந்துடா உனக்குத் தெரியும்?"

"எது?"

"கண்ணு."

"கேமுதான் மங்கலா இருக்குன்னு நெனச்சேன் மச்சான். அதான் கேம சரி பண்ணேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு நீ பேசவே இல்லை. 2012 பொங்கலுக்கு நீ இல்லை.

அந்தப் பதிலை இன்றுவரை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. திரையில் ஒரு குறை தெரிந்தால் விளையாட்டைப் பிரித்துப் பார்க்கிற ஆள் நீ, கண்ணைப் பற்றி யோசித்திருக்க மாட்டாய் என்று ஒருநாள் நம்புவேன். மறுநாளே, அப்படியானால் பைக்கை ஏன் என்னிடம் கொடுத்தாய் என்று கேள்வி வரும். ரோடும் மங்கலாக இருக்கிறது என்றா நினைத்தாய்? தெரிந்தே மறைத்தாய் என்றால் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. தெரியாது என்றால், அந்த அறையில் கண் நன்றாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

போன மாதம் என் மனைவி போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். எதற்கு என்றேன். "சும்மாதான், இப்படி நல்லாருக்கு" என்றாள். உலையில் இருந்த அரிசியை இறக்கச் சொல்லிவிட்டு, கையோடு அவளைப் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். வெறும் வெள்ளெழுத்து, ஒரு கண்ணாடி போதும் என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் தோளைத் தொட்டாள்.

"ஒண்ணுமில்லன்னுதான சொன்னாரு? அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டிய பஸ் அது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன், மச்சான்.