பனி குறைந்த வருஷம்

18 ஜனவரி 2024, வியாழன்

அப்பாவை உள்ளே படுக்கவைத்துவிட்டு வெளியே நாற்காலியில் இருக்கிறேன். கையில் ஊசி ஏற்றும் இடம் இன்னும் பழகவில்லை. இரண்டாவது முறை குத்தியபோது "எம்மா" என்றார். தேள் கொட்டினால்கூடச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகிற மனிதர்.

இனிமேல் செவ்வாய், வியாழன், சனி இப்படித்தான். வளவனூர் பக்கத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் மெஷின், திரும்ப வீடு. ஆயுசுக்கும் என்று டாக்டர் சொன்னபோது அப்பா என்னைத்தான் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தேன். பெட்டி கட்டியது கட்டியபடி இருக்கிறது.

மதியம் பூரன் அண்ணன் போன் செய்தார். இமயத்தில் குமாவுன் மலையில் நான் வேலை பார்க்கும் ஆற்றங்கரை ஊர்க்காரர், ஆராய்ச்சி நிறுவனம் எனக்கு வைத்த உதவியாள்; என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார். "ஜனவரி பாதி தாண்டிவிட்டது தீதி, மலை இன்னும் கறுப்பாகவே நிற்கிறது. பனியே இல்லை" என்றார். வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

10 பிப்ரவரி

அங்கே மழை பெய்ததாம். பனி அல்ல, மழை. அது அன்றைக்கே ஓடிப்போய்விடும்.

13 பிப்ரவரி, செவ்வாய்

பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி புனிதா அக்கா, "நீ இன்னா வேலை பண்ற?" என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க மலையுச்சியில் பனி சேரும். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏற ஏற உருகி ஆறு நிறையும். அந்தத் தண்ணீரை நம்பி அசேலா என்று ஒரு மீன், நம்மூர் கெண்டை ஜாதிதான், முட்டை போட மேலே ஓடைக்கு ஏறி வரும். அதை எண்ணுவது, அளப்பது, திரும்ப விடுவது என் வேலை.

"துன்னவே மாட்டீங்களா?" என்றாள்.

ஏறி வரும்போது பிடிப்பதுதான் சுலபம். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக அப்போதுதான் பிடித்தார்கள். மூன்று வசந்தமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டேன், வீடு வீடாகப் போய்ப் பேசியவர் பூரன் அண்ணன். முதலில் தன் வலையைத்தான் சுருட்டிப் பரணில் போட்டார். மீன் பெருகட்டும், அப்புறம் ஐப்பசிக்கு மேல் அளவாகப் பிடிக்கலாம், இந்த வருஷம் நீங்களே பார்ப்பீர்கள் என்று நான்தான் சொன்னேன்.

எதை நம்பிச் சொன்னேன்? பனியை.

27 பிப்ரவரி, செவ்வாய்

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டுவிட்டேன். "மார்ச் கடைசில ஒரு மாசம் போய்ட்டு வந்துடட்டாப்பா?"

கோலியனூர் தாண்டினோம். பிறகு சொன்னார்: "அந்த மீனுக்கு நீ போவலன்னா வேற ஆளு போவாங்க. எனக்கு யாரு இருக்கறாங்க பாப்பா? உங்கண்ணன் சிங்கப்பூர்ல குந்திக்கினு போன்ல கேக்கறான். உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரில எந்தப் பக்கம் படின்னே தெரியாது."

அப்புறம், வெளியே பார்த்துக்கொண்டு, "பயமா இருக்குது" என்றார்.

நோய் வந்தும் தைரியமாகப் பேசும் அப்பாக்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். என் அப்பா அப்படி இல்லை. வீடு வரும்வரை என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

14 மார்ச், வியாழன்

பூரன் அண்ணன் குரலே மாறியிருக்கிறது. ஆறு ஏறவில்லை. ஓடைக்குள் நுழையத் தண்ணீர் இல்லாமல் மீன் மொத்தமும் பாலத்துக்குக் கீழே மடுவில் நிற்கிறதாம். கரையில் போகிறவன் வருகிறவன் கண்ணெல்லாம் அதன்மேல்தான். ஏப்ரலில் அவர் தம்பி மகளுக்குக் கல்யாணம் வேறு.

"ஒரு நாள் வந்து கரையில் நில்லுங்கள் தீதி, போதும். உங்கள் முகத்துக்காகக் கேட்பார்கள். நான் சொன்னால், உனக்குச் சம்பளம் வருகிறது, நீ பேசமாட்டாயா என்கிறார்கள்."

டிக்கெட் போட்டுவிட்டேன். ஏப்ரல் ஐந்து, சென்னையிலிருந்து டெல்லி. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நல்ல இலையெல்லாம் குப்பையில் கிடந்தது.

4 ஏப்ரல், வியாழன்

மெஷினில் இருக்கும்போதே அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கண் மேலே போய்விட்டது. காலைத் தூக்கிவைத்து, சலைன் ஏற்றி, கொஞ்ச நேரத்தில் பேசினார். இது வழக்கம்தான் என்றார் டாக்டர்.

வழக்கம்தானே. அப்படியானால் போகலாமே? போயிருக்கலாமே?

நான் போனபின் தனியாகப் பார்த்துக்கொள்ளப் பழக வந்திருந்த அம்மா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவைக்கு வெளியே பாவாடை நாடா தொங்கியது, அதுகூடத் தெரியவில்லை அவளுக்கு. அங்கேயே போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தேன்.

அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்துகொண்டார். ராத்திரி ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அப்பாமேல்தான்.

19 ஏப்ரல், வெள்ளி

காலையில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அங்கேயும் இன்றுதான் ஓட்டு. மை வைத்த விரலைப் பூரன் அண்ணன் படம் எடுத்து அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். அவர் மனைவி கமலா பேசினாள்.

பிளீச்சிங் பவுடர். மூட்டையோட கொண்டாந்து மடுவுல கொட்டியிருக்கானுங்க. கல்யாண விருந்துக்கு. ஒரு வலைகூட வேண்டியிருக்கல. சின்னது பெருசு எல்லாம் — முட்டையோட இருந்தது எல்லாம் — வெள்ளை வெள்ளையா மிதந்துதாம். தின்னது போக மிச்சம் கரையில நாறுதாம்.

பூரன் அண்ணன் மடுவில் இறங்கிக் குறுக்கே நின்றிருக்கிறார். தனி ஆள். கூடப்பிறந்த தம்பியே பிடித்துத் தள்ளியிருக்கிறான். பாறையில் மண்டை அடிபட்டிருக்கிறது. தையல் போட்டு வந்திருக்கிறார்கள்.

நான் போயிருந்தா கொட்டியிருப்பானுங்களா? தெரியல. தெரியவே தெரியாது இனிமே.

23 ஏப்ரல், செவ்வாய்

அவரே பேசினார். "நீங்கள் வராததால் இல்லை தீதி. பனி வராததால்" என்றார்.

நல்ல மனிதர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

11 ஜூன், செவ்வாய்

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. திங்கள், புதன், வெள்ளி வகுப்பு; மற்ற நாள் ஆஸ்பத்திரி. ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. இந்த வசந்தத்தில் கணக்கெடுப்பு நடக்காததால் அந்த ஆற்றை இப்போதைக்கு விட்டுவிடுகிறார்களாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

சிங்கப்பூரிலிருந்து வல்லரசு அண்ணன் போனில், "நல்லதாப் போச்சு, ஊட்டோட இருந்துக்கினு வேலைக்கும் போலாம்" என்றது.

7 ஆகஸ்ட்

பூரன் அண்ணனோடு ஊரில் யாரும் பேசுவதில்லை. கடையில் சாமான் கொடுத்தாலும் முகம் பார்ப்பதில்லையாம். "உங்கள் பக்கம் ஓட்டல் வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். திண்டிவனம் பைபாஸில் வடக்கத்தி ஆட்கள் வேலை செய்யாத ஓட்டல் எது? விசாரித்தேன். உடனே வரச் சொன்னார்கள்.

15 செப்டம்பர், ஞாயிறு

போய்ப் பார்த்தேன். ஓட்டலுக்குப் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக் கும்பிட்டார். நெற்றிக்கு மேலே தழும்பில் முடி முளைக்கவில்லை.

இங்கே ஆறு எங்கே என்று கேட்டார். பிரம்மதேசம் பக்கம் ஏரிக்குக் கூட்டிப்போனேன். பாதி சேறு, பாதி வேலிகாத்தான் முள். கரையில் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இங்கே மீன் எதை நம்பி வரும்?"

"மழையை" என்றேன்.

தலையாட்டினார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் அவர் லீவு முடிந்துவிட்டது.

3 டிசம்பர், செவ்வாய்

இப்போதுதான் உட்கார முடிகிறது.

புயல் வருகிறது என்று ஓட்டலை மூடியதும் பூரன் அண்ணன் வெள்ளிக்கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சனிக்கிழமை ஊற்ற ஆரம்பித்தது. அப்பாவின் அன்றைய டயாலிசிஸ் தவறிப்போயிற்று. ஞாயிறு முழுக்க மழை. ஊரைச் சுற்றி எது வயல், எது ரோடு என்று தெரியவில்லை. நேற்றுக் காலையில் அப்பாவுக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. படுக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் மெயின் ரோடுவரைதான் வரும் என்றார்கள்.

பூரன் அண்ணன் எங்களைக் கேட்கவே இல்லை. அம்மாவின் புடவை ஒன்றை எடுத்தார். அப்பாவை முதுகில் ஏற்றி இடுப்போடு சேர்த்துக் கட்டினார். மலையில் நோயாளியை இப்படித்தான் ரோட்டுக்கு இறக்குவார்கள். நான் முன்னால் கம்பு ஊன்றிப் பள்ளம் பார்த்துப் போனேன். ஓடைப் பக்கம் தண்ணீர் அவர் மார்வரை வந்து இழுத்தது. அப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உட்டுடாதப்பா, உட்டுடாத" என்று அழுதார். பூரன் அண்ணனுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு தடவையும் "நஹி பாபுஜி, நஹி" என்று பதில் சொன்னார்.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். நேற்று ராத்திரி தாண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

8 டிசம்பர், ஞாயிறு

அப்பாவுக்குத் தெளிந்துவிட்டது. பூரன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "மண்டையில இன்னா தழும்பு, கேளு பாப்பா" என்றார்.

கேட்டேன். பூரன் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு இந்தியில் சொன்னார்: "ஆற்றில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்."

"வழுக்கி வுழுந்துட்டாராம்ப்பா."

"பாத்து நடக்கக் கூடாதா" என்று அப்பா அந்தத் தழும்பைத் தடவிக் கொடுத்தார்.

எழுந்து வெளியே போய்விட்டேன்.

9 மார்ச் 2025, ஞாயிறு

பூரன் அண்ணன் ஊருக்குத் திரும்புகிறார். பிப்ரவரி கடைசியில் அங்கே பனி கொட்டியிருக்கிறது. தம்பி அவர்கள் வீட்டுக்கே வந்து, அண்ணனை வரச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கமலா சொன்னாளாம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். அது போதும் என்கிறார்.

அப்பா ஒரு பை நிறைய மல்லாட்டைக் கடலை கொடுத்தார். "அவனுக்கு இட்லி ஒத்துக்கல, இளைச்சிட்டான்" என்று அம்மா புலம்பினாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட் கிடைத்தது. அப்போதுதான் கேட்டேன், இத்தனை மாதம் வாயில் வைத்திருந்ததை: "நான் வந்திருக்கணும் அண்ணா. என்னை மன்னிச்சிடுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தான்.

"வந்திருக்கலாம்" என்றார். "ஆனால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன், பாபுஜி இருந்திருக்கமாட்டார்."

முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். அழுகை வந்தது. சுமை கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும், தெரியவில்லை.

12 ஏப்ரல், சனி

ஆஸ்பத்திரி. அப்பா உள்ளே.

பூரன் அண்ணன் ஆற்றங்கரையிலிருந்து பேசினார். தண்ணீர் ஏறிவிட்டது. ஓடை வாயில் அசேலா தெரிகிறது, முன்போல் இல்லை, அங்கொன்று இங்கொன்று. கீழே பெரிய ஆற்றிலிருந்து வந்திருக்கும். யாரும் இன்னும் வலையை எடுக்கவில்லை. நிறுவனம் மனதை மாற்றிக்கொண்டு ஒரு புதுப் பெண்ணை அனுப்பியிருக்கிறது. இருபத்தைந்து வயது இருக்குமாம், குளிரில் உதடு வெடித்து நிற்கிறாளாம். "எங்கே நின்று எண்ணுவது என்று கேட்கிறாள். நான் சொல்லட்டுமா? உங்கள் இடம் அது."

"சொல்லுங்க" என்றேன். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். எந்தப் பாறை வழுக்கும், காலையில் எந்தப் பக்கம் நின்றால் நிழல் தண்ணீரில் விழாது, எந்த வீட்டில் முதலில் டீ குடிக்க வேண்டும். நல்ல பெண். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

உள்ளே போனேன். அப்பா விழித்திருந்தார்.

"யாரு, பூரனா? நல்லா இருக்கறானா?"

"இருக்காருப்பா."

"மீனு?"

"வந்துருக்குதாம். கொஞ்சம்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஊசி இல்லாத கை போர்வைக்கு வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நீ போவலையே?"

"இல்லப்பா" என்றேன். "போவல."